பந்தும் பற்றும்

(பழைய மாணவரும் பயிற்றப்பட்ட தமிழாசிரியருமான ஒருவர் வெலிமடையிலிருந்து எழுதுவது)

மனிதனுக்கு வாய்த்த குணங்களுள் பற்று என்பது விசித்திரமான ஒன்று. அளவோடு இருந்தால் அதனை அன்பு என்கிறோம். அளவு கடந்தால் வெறி என்கிறோம். இல்லாது போனாலோ நன்றி கெட்டவன் என்று ஏசுகிறோம். ஆனால் ஒருவனுடைய பற்றை எதனைக் கொண்டு அளப்பது என்பதை மட்டும் எவரும் தெளிவாகச் சொல்வதில்லை. நம் கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என்று சங்கச் செயலாளர் பணித்தார். கல்லூரியின் கல்விப் பெருமையையும் கலைச் சிறப்பையும் எழுத வல்லார் பலர் உளர். மலைநாட்டு மூலை ஒன்றிலிருந்து எழுதும் நான், பிரயாணம், பழம் போர்வீரர், நாட்டு நடப்பு, உதைபந்தாட்டம் என்று மனம் போன போக்கிலே சில சொல்லலாம் என எண்ணினேன். போக்கு எப்படி வளைந்தாலும் சேருமிடம் ஒன்றேதான். பிறருடைய பற்றைச் சோதித்துக்கொண்டிருப்பதை விட்டு, அது வளர்வதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வெலிமடையைப் பஸ் வண்டியின் யன்னலூடாகக் கண்டவர் பலர். இறங்கிக் கண்டவர் சிலர். நுவரெலியாவிலிருந்து ஹக்கலையைக் கடந்து பதுளை நோக்கி இறங்கும் பெருந்தெருவிலே, உமா ஓயாவின் கரையில் அமைந்த சிறு பட்டணம் இது. ஒரு பக்கம் உருளைக்கிழங்கும் போஞ்சியும் லீக்சும் விளையும் படிக்கட்டு வயல்கள். மறுபக்கம் தேயிலை மலைகள். சந்தை நாளிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நெரிசலிலே நின்று விலை பேசுவர். அந்த நெரிசலுக்குள் புகுந்து வரும் எங்கள் பாடசாலைச் சிறுவர்களின் மேற்சட்டைகளைப் பார்த்தால், இது ஊவா மாகாணமா தென்னமெரிக்காவா என்ற ஐயம் எழும். ஒருவன் ஆர்ஜென்டினாவின் வானீலமும் வெள்ளையும் தரித்திருப்பான். அவன் தம்பி பிரேசிலின் மஞ்சள் நிறம். பக்கத்து லயத்துப் பையன் போர்த்துக்கல்லின் சிவப்பு. மெஸ்ஸி பிறந்த ஊர் றொசாரியோ என்பது அவர்களுக்கு மனப்பாடம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி கட்டாரிலே நடந்த இறுதியாட்டம் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்று, தண்ட உதையில் ஆர்ஜென்டினா பிரான்சை வென்ற கதையை அவர்கள் சொல்லும்போது, நான் வகுப்பிலே பாரதக் கதை சொல்லுவதைக் காட்டிலும் சுவையாகவே சொல்லுவார்கள்.

இதனைக் கண்டு மனம் நோகும் பெரியோர் உண்டு. “சொந்த நாட்டு அணியின் தலைவன் யார் என்று இவர்களைக் கேளுங்கள், விழிப்பார்கள். கண்டிராத நாட்டுக்காகக் கட்டிப் புரளுகிறார்கள்” என்று ஆசிரியர் அறையிலே அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். இந்தக் குறை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. கேரளத்திலே கோழிக்கோட்டுக்கு அண்மையிலுள்ள புல்லாவூரில், 2022ஆம் ஆண்டு ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு ஒரு பேருருவம் நாட்டினர். அதைக் கண்டு பொறாத மற்றொரு சாரார் அதனிலும் உயரமாக நெய்மாருக்கு ஒன்று நாட்டினர். பின்னர் றொனால்டோவுக்கும் ஒன்று எழுந்தது. வங்காளதேசத்து மக்கள் ஆர்ஜென்டினா அணிமீது கொண்ட மோகமோ இராசதந்திரத்தையே அசைத்துவிட்டது. 1978இல் டாக்காவில் மூடப்பட்ட தன் தூதரகத்தை 2023 பெப்ரவரியில் ஆர்ஜென்டினா மீண்டும் திறந்துகொண்டது. இதனால் வங்காளதேசத்தார் தங்கள் நாட்டை மறந்துவிட்டனர் என்று யாரேனும் சொல்லுவாருண்டோ? தூரத்து நட்சத்திரத்தை விரும்புகிறவன் வீட்டு விளக்கை வெறுக்கிறான் என்பது பொருந்தாத வாதம்.

வீட்டு விளக்கைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டு கொழும்பிலே நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் நம் நாட்டு அணி இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. அந்தப் பதினொருவரின் பெயரை நாம் எந்தப் பாடப்புத்தகத்திற் சேர்த்தோம்? எந்தப் பாடசாலைச் சுவரில் எழுதினோம்? நிருவாகக் குழப்பங்களும் வெளியார் தலையீடும் முற்றி, 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடை செய்தது; ஓகஸ்ட் மாத இறுதியிலேதான் அத்தடை நீங்கிற்று. பல மாதங்கள் நம் நாட்டுக்கு உலக அரங்கில் ஆடவே இடமிருக்கவில்லை. மாணவன் அணியின்மீது பற்று வைக்கவில்லையே என்று கடிந்துகொள்ளுமுன், பற்று வைக்கத்தக்க நிலையில் அணியை நாம் வைத்திருந்தோமா என்று கேட்பதன்றோ முறை?

எவன் எந்த அணிக்குக் கைதட்டுகிறான் என்பதைக் கொண்டு அவன் எந்த நாட்டுக்கு உரியவன் என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் உலகிலே புதியதன்று. 1990ஆம் ஆண்டிலே நோர்மன் டெபிட் என்னும் பிரித்தானிய அரசியல்வாதி, அந்நாட்டிற் குடியேறிய ஆசிய மக்களும் மேற்கிந்தியத் தீவினரும் கிறிக்கற் போட்டியில் எந்தப் பக்கத்துக்கு ஆரவாரம் செய்கிறார்கள் என்று பார்த்தாலே அவர்களுடைய விசுவாசம் தெரிந்துவிடும் என்ற கருத்துப்படப் பேசினார். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர் இச்சோதனையிலே தோற்றுப்போவர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் வாழும் நாட்டுக்கு ஒழுங்காக வரி கட்டுகிறார்கள். அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இரவு பகலாக வேலை செய்கிறார்கள். ஆட்டம் என்று வந்தால் மட்டும் பழைய ஊரின் பக்கம் மனம் சாய்கிறது. ஒரு மாலை நேரத்து ஆரவாரம் மெய்யா, ஒரு வாழ்நாள் உழைப்பு மெய்யா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் இலண்டன்வரை செல்ல வேண்டியதில்லை. வெலிமடையிலிருந்து பண்டாரவளை வழியாகத் தியத்தலாவைக்குச் சென்றாற் போதும். இன்று இராணுவப் பயிற்சிக் கழகம் அமைந்துள்ள அவ்வூரிலே, 1900ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு பெரிய சிறைமுகாம் அமைத்தனர். தென்னாபிரிக்காவில் அவர்களை எதிர்த்துப் போரிட்டுப் பிடிபட்ட போயர் வீரர் ஏறக்குறைய 5,000 பேர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, எங்கள் பற்றனைப் புல்வெளிகளுக்கு நடுவே அடைத்துவைக்கப்பட்டனர். பிடித்தவரும் பிடிபட்டவரும் எப்போதும் முறைத்துக்கொண்டே இருக்கவில்லை. 1901 ஜூலையிலே போயர் கைதிகளின் அணியொன்று கொழும்புக்கு வந்து கோல்ட்ஸ் கழகத்தாரோடு கிறிக்கற் ஆடிய செய்தி சரித்திரத்தில் உள்ளது. கைதியோடு ஆடுவதால் ஆங்கில அரசு கவிழ்ந்துவிடவில்லை. ஆடியதால் போயரும் தம் நாட்டை மறந்துவிடவில்லை.

1902இல் போர் முடிந்தது. வீடு திரும்ப விரும்புவோர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெரும்பாலோர் செய்தனர், சிலர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர் எங்கல்பிறெக்ட் என்பவர். தாய்நாடு செல்ல வழியற்றுப்போன அம்மனிதர் இந்நாட்டிலேயே தங்கினார். யால வனத்தின் முதற் காவலராக நியமிக்கப்பட்டு, காட்டு விலங்குகளை வேட்டைக்காரரிடமிருந்து காத்துவந்தார். 1914ஆம் ஆண்டு உலகப்போர் மூண்டது. எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைப் பட்டினத்தின்மீது குண்டு வீசியதும், அன்று முதல் ‘எம்டன்’ என்பது தமிழிலே அஞ்சத்தக்க ஆளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டதும் யாவரும் அறிந்ததே. அந்தக் கப்பலுக்கு எங்கல்பிறெக்ட் இரகசியமாக இறைச்சி வழங்கினார் என்று ஒரு வதந்தி கிளம்பிற்று. பிரமாணம் செய்ய மறுத்தவரல்லவா! வதந்தியே போதுமான சான்றாயிற்று, அவரைச் சிறையிலிட்டனர். குற்றம் மெய்ப்பிக்கப்படவேயில்லை. வாயினாற் சொல்லும் பிரமாணத்தை மட்டும் எண்ணியவர்கள், அவர் ஆண்டுக்கணக்காக இந்த மண்ணின் மானையும் மரையையும் காத்த சேவையைக் கணக்கிலே சேர்க்கவில்லை.

வெள்ளைக்கார வீரர் ஒருவருக்கு நேர்ந்த இந்த அநியாயத்தை நினைந்து வருந்துகிற நாம், எங்கள் மலையிலே இலட்சக்கணக்கானோர்க்கு நேர்ந்ததை மறந்துவிட முடியாது. எங்கல்பிறெக்டிடம் ஒரு சொல்லைக் கேட்டார்கள். தோட்டத் தொழிலாளரிடம் ஒரு கடதாசியைக் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனோ முன்னோரோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று எங்கே என்று வினவிற்று. மலையிலே பிறந்து மலையிலே புதைக்கப்பட்ட பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை யார் எழுதிவைத்தார்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த எண்ணிக்கையிலே அடங்கியோரிடம், நீர் எந்த மண்ணை நேசிக்கிறீர் என்று கேட்டவர் எத்தனை பேர்? 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே, இங்கேயே தங்கிவிட்டவர்களின் நாடற்ற நிலை நீங்கலாயிற்று.

இவ்விடத்திலே எங்கள் புகையிரதப் பாதையைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம், 1885இல் நானுஓயாவையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்து, 1924இல் பதுளையிற் போய் நின்றது. தெமோதரையிலே பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து செல்லும் அதிசயத்தைக் காண இன்று தேசாந்தரங்களிலிருந்தெல்லாம் பிரயாணிகள் வருகிறார்கள். வாசற்படியில் தொங்கிக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், அழகிய பாதைதான். ஆனால் அதே பாதையாற்றான் ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கிச் சென்று, தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரம் போய்ச் சேர்ந்தனர். வண்டிக்குள்ளிருப்போரும் மேடையில் நிற்போரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறியபடியால், மலையக மக்கள் அந்த வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்த 2023ஆம் ஆண்டிலே, முன்னோர் நடந்து வந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டத்தார் கால்நடையாகவே வந்தனர். ஒரு நாட்டின் மீதுள்ள உரிமையை மறுபடியும் நடந்து காட்டவேண்டிய நிலை வேறெந்த மக்களுக்கு நேர்ந்தது?

இனி, பற்று எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். எங்கள் ஊரிலே ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இருக்கிறார். சிங்களவர். வடக்கிலே நடந்த யுத்தத்திற் காலிலே காயம் பட்டவர். இப்போது கிழங்குப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு, மாலை வேளைகளில் எங்கள் மைதானத்துக்கு வந்து மத்தியஸ்தராக நிற்கிறார். பையன்கள் அவரை ‘மாத்தையா’ என்பார்கள். அவர் அவர்களை ‘புத்தே’ என்பார். சுண்ணாம்பு கிடைக்காத நாளிலே, தம் வீட்டு அடுப்புச் சாம்பலைச் சாக்கிலே கட்டிக்கொண்டு வந்து மைதானத்துக்கு எல்லைக்கோடு போடுவார். ஒருமுறை அவருடைய சொந்தக் கிராமத்துப் பாடசாலையும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் மோதிய ஆட்டத்திலே, கடைசி நேரத்தில் தம் கிராமத்தாருக்கு எதிராகத் தண்ட உதை கொடுத்துவிட்டார். இரண்டு கிழமை அவருடைய ஊரார் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரோ மறுநாள் மாலையே வழக்கம்போல் விசிலோடு வந்து நின்றார்.

அவர் போரிட்ட காலத்தைப் பற்றி எங்கள் மக்களுக்கு ஒரு நினைவு. அவருக்கு வேறொரு நினைவு. அவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மைதானம் இருவர்க்கும் பொதுவாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைச் சூறையாடி, மலைச்சரிவுகளும் வெள்ளமும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதையும், பதுளை மாவட்டம் கொடிய சேதமுற்றதையும், மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்துபோனதையும் நீங்கள் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அந்நாட்களிலே பாடசாலைக் கட்டடங்கள் பல அகதிகளுக்குப் புகலிடமாயின. அங்கே கஞ்சி காய்ச்சுவதற்கு விறகு தேடி அலைந்த எங்கள் பையன்களிடையே, ஆர்ஜென்டினாச் சட்டைக்காரனும் இருந்தான். பிரேசில் சட்டைக்காரனும் இருந்தான். அச்சமயத்திலே அவர்களுடைய நாட்டுப்பற்றை ஐயுற ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பின்னர், நம் கல்லூரி விழாவுக்கு வருகிறேன். விழா நிதியைக் கொண்டு வாயிலில் ஓர் அலங்கார வளைவு எழுப்பலாம் என்றும், மண்டபத்துக்குச் சலவைக்கல் பதிக்கலாம் என்றும் யோசனைகள் உலவுகின்றன. நல்லனவே. ஆயினும், அந்த நிதியில் ஒரு சிறு பங்கைப் பிரயாணச் செலவுக்கென்று ஒதுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. ஆண்டுக்கொருமுறை மலைநாட்டுத் தோட்டப் பாடசாலை ஒன்றின் உதைபந்தாட்ட அணி நம் கல்லூரி மைதானத்துக்கு வந்து ஆடவேண்டும். மறுமுறை நம் கல்லூரி அணி மலைக்கு வந்து ஆடவேண்டும்.

இது ஏன் அவசியம் என்பீர்கள். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சோடி உதைபந்துச் சப்பாத்துக்கு ஒரு தாய் பல நாள் கொழுந்து பறிக்கவேண்டும். வெளியூருக்கு வாடகை வண்டி பிடிப்பதென்றாலோ கேட்கவே வேண்டியதில்லை. ஒருமுறை எங்கள் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டியொன்றுக்குத் தெரிவாகியும், செலவுக்கு வழியின்றி ஏழு பேர் மட்டுமே சென்றனர். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கலாகாது என்பது உதைபந்தாட்ட விதி. ஏழு பேர் இருந்தபடியால் விதி எங்களுக்கு இடங்கொடுத்தது. எதிரணியின் பதினொருவர் இடங்கொடுக்கவில்லை. ஐந்து கோல்களால் தோற்றுத் திரும்பிய பிள்ளைகள், தோல்வியைப் பற்றிப் பேசாமல், அங்கே கண்ட புல்தரையைப் பற்றியே ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் கண்ட முதற் சமதரை மைதானம் அது.

பழம் வீரர்களுக்கும் இதிலே ஓர் இடமுண்டு. நம் கல்லூரி அணியிலே ஒரு காலத்தில் ஓடிய கால்கள் இன்று மூட்டுவலித் தைலத்தை நம்பியிருக்கின்றன. பழைய அணிகளின் புகைப்படங்களிலே பாதிப் பேருடைய பெயர் அழிந்துபோயிற்று. தெரிந்தவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த விழா ஆண்டிலேயே, எஞ்சியிருப்போரை அழைத்து, யார் எங்கே நின்று ஆடினார் என்று கேட்டு எழுதிவைப்போமாக. அந்தப் பெயர்ப்பட்டியலைப் புதிய அணியின் பிள்ளைகள் கையிற் கொடுப்போமாக. றொசாரியோவிற் பிறந்தவரைத் தெரிந்த பிள்ளைக்கு, தன் மைதானத்தில் ஓடி விழுந்தவரையும் தெரிய வேண்டாமா? தெரிந்தால் ஒருவர்மேல் வைத்த அன்பு மற்றவர்மேல் குறைந்துவிடாது.

இருவகை ஆட்சேபங்கள் எழக்கூடும். கல்லூரி அணி ஒரு தோட்டப் பாடசாலையிடம் தோற்றால் பெயர் கெடாதா என்பது ஒன்று. கெடாது, அடுத்த முறை ஒழுங்காகப் பயிற்சி செய்வார்கள். வளைவு நூறாண்டு நிற்கும், பிரயாணச் செலவு மறுநாளே கரைந்துவிடுமே என்பது மற்றொன்று. கற்றூணிலே பெயர் பொறித்த கொடையாளரை அவ்வழியே தினந்தோறும் போகும் மாணவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பன்னிரண்டு வயதிலே முதன்முதலாகக் கடலைக் காட்டியவரை ஒருவன் சாகும்வரை மறப்பதில்லை. எங்கள் பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்டதில்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவைக்கிறேன்.

என் கல்லூரியும் நான் கற்பிக்கும் பாடசாலையும் மோதினால் நான் எந்தப் பக்கம் நிற்பேன் என்று நண்பர் ஒருவர் கேலியாக வினவினார். இரு பக்கமும் கைதட்டுவேன். ஒருவனுக்கு இரண்டு ஊர் இருப்பது இரண்டு கண் இருப்பதுபோலத்தான். டெபிட் அவர்களின் சோதனையில் எனக்கு எத்தனை புள்ளி கிடைத்தாலும் சரி.

ஆகவே சங்கத்தார் வண்டிச் செலவை ஏற்றுக்கொள்வாராக. மார்கழி விடுமுறைக்கு முன்னர் ஒரு சனிக்கிழமையைக் குறித்து அறிவித்தால், எங்கள் மைதானத்தின் பள்ளங்களை நாங்கள் நிரப்பிவைக்கிறோம். எல்லைக்கோட்டை மாத்தையா போட்டுவைப்பார். வருவோர் அனைவர்க்கும் சோறும் வெலிமடை உருளைக்கிழங்குக் கறியும் எங்கள் பொறுப்பு. குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை மட்டும் மறவாமற் கொண்டுவருக.